மேல்கோட்டை மடல்: நடுவில் வந்த பந்து



சென்ற திங்கள் நம் சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டிக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பந்தயங்கள் நடைபெற்றன. அவற்றுள் சிறுமியர்க்கான வளையப்பந்து இரட்டையர் ஆட்டமும் ஒன்று. நம் மகளும் அவளுடைய தோழி ஒருத்தியும் ஓர் அணியாக இறங்கினர். ஆட்டம் சமமாகச் சென்று கடைசிப் புள்ளியை எட்டிய வேளையில், எதிரணிச் சிறுமி எறிந்த வளையம் இவ்விருவருக்கும் நட்டநடுவே இறங்கிற்று. எட்டாத தொலைவன்று, கையை நீட்டினால் போதும். ஆயினும் இருவரும் அசையாது நின்று, அது மண்ணில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். கூடியிருந்தோர் சிரித்தனர். "நீ பிடிப்பாய் என்றல்லவா நான் இருந்தேன்!" என்று இருவரும் ஒரே குரலில் ஒருவரையொருவர் கடிந்துகொண்டனர். இருவரும் தமிழ்க் குழந்தைகள், கடிந்துகொண்டது கன்னடத்தில். அன்று நாமும் பிறரோடு சேர்ந்து சிரித்தோம். இன்று அதை நினைத்தால் நமக்குச் சிரிப்பு வருவதில்லை. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

விழா முடிந்து பந்தலைப் பிரிக்கையில் காரியதரிசி அவர்கள் நம்மை அழைத்து, "மாதந்தோறும் கோயிலையும் குளத்தையும் பற்றியே எழுதுகிறீர்கள். இம்முறை இந்த இரட்டையர் ஆட்டத்தைப் பற்றி எழுதுங்களேன். பெண் குழந்தைகளைப் பெற்றவர்கள் படிக்கட்டும்" என்றார்கள். வளையப்பந்தைப் பற்றி எழுத நம்மிடம் அதிகச் சரக்கில்லை. ஆனால் அதன் நெருங்கிய உறவான டென்னிஸில் மகளிர் இரட்டையர் ஆட்டம் என்றால், நமக்கு இருபது ஆண்டுப் பழக்கம் உண்டு. மட்டை பிடித்த பழக்கமன்று. பத்திரிகையில் படித்த பழக்கந்தான். ரயில்வே குமாஸ்தாவுக்கு அதற்கு மேல் எவ்வாறு வாய்க்கும்?

2006ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள நம் சிற்றூரில் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். பெங்களூரில் நடைபெற்ற மகளிர் டென்னிஸ் பந்தயத்தில் சானியா மிர்சா இரட்டையர் பட்டம் வென்றார் என்ற செய்தியை ஊர் நூலகத்தில் கண்டோம். சானியாவின் படம் பெரிதாக இருந்தது. உடன் ஆடியவரின் பெயரோ செய்தியின் நடுவே சிற்றெழுத்தில் ஒரே ஒருமுறை வந்தது. லீசல் ஹூபர் என்பது அப்பெயர். 'இருவர் சேர்ந்து வென்றதற்கு ஒருவர் படம் மட்டும் ஏன்?' என்று அந்த வயதில் தோன்றிய கேள்வியே நம்மை இவ்வாட்டத்தின்பால் ஈர்த்தது எனலாம்.

ஆட்டம் அறியாதார்க்குச் சில சொற்கள். டென்னிஸ் களத்தின் நீளம் 78 அடி. ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 27 அடி. இரட்டையர் ஆட்டத்துக்குப் பக்கத்துக்கு நாலரை அடி கூட்டி 36 அடி. ஆள் இரண்டானதால் இடமும் இரண்டு மடங்காகிவிடவில்லை; ஒன்பது அடியே கூடிற்று. அந்த முப்பத்தாறு அடிக்குள் இன்னாருக்கு இன்ன பகுதி என்று பாகப்பிரிவினைக் கோடு எதுவும் இல்லை. எதிரணி தொடுக்கும் முதற்பந்தை எதிர்கொள்ள மட்டும் இருவரும் பக்கம் பிரித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் வரும் பந்தை இருவரில் எவரும் அடிக்கலாம். ஆகவே எதிரணியினர் அடிக்கடி குறிவைப்பது வலப்புறத்தையோ இடப்புறத்தையோ அன்று. இருவருக்கும் இடைப்பட்ட வெளியைத்தான். இருவரும் வல்லவராயிருந்தும், ஒருவர் மற்றவரை நம்பி நின்றுவிட்டால் புள்ளி போய்விடும்.

இதனால்தான் இரட்டையர் ஆட்டத்தில் வீராங்கனைகள் ஓயாது பேசிக்கொள்கின்றனர். ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே கூடி நின்று, எதிரணியினர் உதட்டசைவைக் காணாதபடி பந்தினால் வாயை மறைத்துக்கொண்டு கலந்துரைப்பர். வலையருகே நிற்பவர் கையை முதுகுக்குப் பின்னே வைத்து, விரல்களால் பின்னிற்பவருக்குக் குறிப்புக் காட்டுவதும் உண்டு. பந்து உயர எழும்போது 'என்னுடையது' என்றோ 'உன்னுடையது' என்றோ கூவுவர். ஒற்றையர் ஆட்டத்தில் பெருமூச்சு கேட்கும்; இரட்டையர் ஆட்டத்தில் பேச்சுக் கேட்கும்.

சானியாவும் ஹூபரும் சேர்ந்து பெற்ற முதற்பட்டம் பெங்களூரில் கிடைத்ததன்று. 2004 பிப்ரவரியில் ஐதராபாத்தில், சீனத்தின் லீ டிங், சுன் தியந்தியன் இணையை 7-6, 6-4 என்று வென்றனர். சானியாவுக்கு அப்போது வயது 17. தோற்ற சீன இணையை எளியதென்று எண்ணற்க. அதே ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மகளிர் இரட்டையர் தங்கப் பதக்கம் அவ்விணைக்கே கிடைத்தது. பின்னர் 2006இல், பெங்களூர் கப்பன் பூங்காவிலுள்ள டென்னிஸ் அரங்கில், ரஷ்யாவின் அனஸ்தாசியா ரோடியோனோவா, எலேனா வெஸ்னினா இணையை 6-3, 6-3 என்று எளிதில் வென்றனர். ஹூபர் அதற்கு முந்திய ஆண்டே காரா பிளாக்குடன் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றிருந்தவர். அத்தகைய மூத்தவர் பத்தொன்பது வயது இளையவர் பக்கத்தில் நின்று, கைத்தட்டல் முழுவதும் அவருக்கே போவதைப் பொருட்படுத்தாது ஆடினார். ஹூபர் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, 2007இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். நம்மைப்போலப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர் என்பதால் நமக்கு அவர்பால் தனிப் பரிவு.

அன்று பெங்களூரில் தோற்ற வெஸ்னினாவை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 2015 ஜூலையில் விம்பிள்டன் மைய அரங்கில் மகளிர் இரட்டையர் இறுதியாட்டம். வலையின் ஒருபுறம் சானியாவும் மார்ட்டினா ஹிங்கிஸும். மறுபுறம் எகடெரினா மகரோவாவும் அதே வெஸ்னினாவும். முதல் செட் ரஷ்ய இணைக்கு, இரண்டாவது நம்மவர் இணைக்கு. மூன்றாவது செட்டில் சானியா இணை 2-5 என்று பின்தங்கிற்று. இன்னும் ஒரே கேம் போனால் எல்லாம் முடிந்தது. அங்கிருந்து மீண்டு 5-5 என்று சமன் செய்தனர். அதற்குள் மாலை மங்கிவிடவே, ஆட்டத்தை நிறுத்தி அரங்கின் கூரையை மூடி விளக்கேற்றினர். விளக்கொளியில் அடுத்த இரண்டு கேம்களையும் வென்று, 5-7, 7-6, 7-5 என்று பட்டத்தைக் கைப்பற்றினர். அவ்வாண்டு ஏப்ரலிலேயே சானியா இரட்டையர் ஆட்டத்தில் உலகின் முதலிடத்தை அடைந்திருந்தார். இந்தியப் பெண்மணி ஒருவர் அவ்விடத்தை எட்டியது அதுவே முதன்முறை. பின்னர் அமெரிக்க ஓப்பனிலும் 2016 ஆஸ்திரேலிய ஓப்பனிலும் இவ்விணையே வென்றது. இடையில் தொடர்ந்து 41 ஆட்டங்களில் தோல்வியே கண்டதில்லை.

வெற்றிக்குக் காரணம் இருவரும் ஒரேவகைத் திறமை உடையவர்கள் என்பதன்று. சானியாவின் வலிமை களத்தின் பின்னிருந்து ஓங்கியடிக்கும் முன்கை வீச்சு. ஹிங்கிஸின் வலிமை வலையருகே பந்தை எங்கே வைப்பதென்று அறிந்த கை. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. இல்லாததை எண்ணி எவரும் வெட்கவுமில்லை.

துணைவியர் என்றதும் மேல்கோட்டையில் வாழும் நமக்கு அக்கா தங்கி கொளம் நினைவுக்கு வரும். பார்க்காத அன்பர்களுக்காகச் சொல்கிறோம்: அருகருகே இரண்டு படிக்கட்டுக் குளங்கள், நடுவே ஒரு கற்சுவர். தமக்கையும் தங்கையுமாகிய இருவர் வெட்டுவித்தவை என்பது ஊரார் கூறும் கதை. ஒன்றன் நீர் குடிக்க உதவும், மற்றொன்று பிற பணிகளுக்கே ஆகும் என்றும், அதற்கு அச்சகோதரியரின் மனநிலையே காரணம் என்றும் சொல்வர். நாம் அக்கதையில் ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்த விரும்பவில்லை. குடிக்கவும் நீர் வேண்டும், துவைக்கவும் நீர் வேண்டும் அல்லவா?

டென்னிஸிலும் இத்தகைய தமக்கை தங்கையர் உண்டு. வீனஸ் வில்லியம்ஸும் செரீனா வில்லியம்ஸும் 2008இல் இதே பெங்களூருக்கு வந்தனர். ஒற்றையர் அரையிறுதியில் இருவரும் எதிரெதிரே நின்றனர். தங்கை செரீனா தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு தமக்கையை வென்று, பின்னர்ப் பட்டத்தையும் பெற்றார். நான்கு திங்கள் கழித்து விம்பிள்டன் இறுதியாட்டத்தில் மீண்டும் அவ்விருவரே. இம்முறை வென்றவர் தமக்கை. அன்றைய தினமே, ஒற்றையர் ஆட்டத்தில் ஒருவரையொருவர் எதிர்த்த வியர்வை உலருமுன், இருவரும் ஒரே பக்கத்தில் நின்று இரட்டையர் பட்டத்தை வென்றனர். பெருந்தொடர்களில் இவ்விருவரும் சேர்ந்து 14 முறை இரட்டையர் இறுதிக்கு வந்து, 14 முறையும் வென்றனர். காலையில் வாக்குவாதம் செய்துவிட்டு மாலையில் ஒன்றாகக் கறிகாய் வாங்கச் செல்லும் குடும்பத்தார்க்கு இது வியப்பாகத் தோன்றாது.

நம் தாய்மண்ணில் நிகழ்ந்ததொன்றையும் சொல்லிவிடுவோம். 2022 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கம் அரங்கில் மகளிர் டென்னிஸ் பந்தயம் நடைபெற்றது. இரட்டையர் பட்டம் கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கிக்கும் பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானிக்கும் கிடைத்தது. இறுதியாட்டத்தில் 6-1, 6-2 என்ற எளிய வெற்றி. எளிதல்லாதது அதற்கு முந்திய ஓராண்டு. 2021 செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் அரையிறுதியில் இதே இணை ஆடிக்கொண்டிருந்தபோது ஸ்டெஃபானியின் முழங்கால் கடுமையாகக் காயமுற்றது. களத்தை விட்டு வெளியேறினார். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் பந்தயங்களில் ஆட இயலவில்லை. டப்ரோவ்ஸ்கி இடையில் வேறு துணையுடன் ஆடினார். பிழைப்பு நடக்க வேண்டுமே. ஆனால் ஸ்டெஃபானி எழுந்து வந்து மீண்டும் மட்டை பிடித்த முதற்பந்தயமாகிய சென்னையில், அவர் பக்கத்தில் வந்து நின்றவர் பழைய துணைவியே. பந்தயங்களில் இரட்டையர்க்குப் பரிசுத் தொகை ஒற்றையரைவிடக் குறைவு. பார்க்க வருவோரும் குறைவு. எனினும் இத்தகைய செய்தி ஒற்றையர் ஆட்டத்தில் கிடைக்குமா?

இனி நம் கதைக்கு வருவோம். நாம் பணியாற்றுவது பாண்டவபுரம் ரயில் நிலையத்தில். மனைவியார் இவ்வூரில் ஒரு நெசவுச் சாலையில் கணக்கெழுதுகிறார். ஒரே மகள், வயது ஒன்பது. ஊரில் நம் அன்னையார் தனித்திருக்கிறார். அவருக்குச் செவித்திறன் மிகக் குறைந்துவிட்டதால் தொலைபேசியில் பேசிப் பயனில்லை. ஆகவே பழைய வழக்கப்படி இன்லண்டு கடிதம் எழுதுவார். சென்ற கார்த்திகை முதல் அவர் கடிதங்களை நமக்கன்றிப் பேத்தியின் பெயருக்கே எழுதத் தொடங்கினார்.

கடிதம் வந்தால் மனைவியார் அதை மகளிடம் கொடுத்துவிடுவார். இரவில் தந்தை படித்துக் காட்டுவார் என்பது அவர் எண்ணம். நாம் வீடு திரும்பினால் கடிதம் பிரித்தபடி மகளின் மேசைமேல் இருக்கும். தாய் படித்துக் காட்டியிருப்பார் என்பது நம் எண்ணம். பொங்கலுக்கு அன்னையார் தைத்தனுப்பிய பாவாடை ஒரு சாண் குட்டையாயிருந்தது. "அத்தைக்குக் கணக்குத் தவறிவிட்டது போலும்" என்றார் மனைவியார். நாமும் ஆமென்றோம்.

வளையப்பந்தில் தோற்ற அன்றிரவு, "தோழியிடம் ஒரு குரல் கொடுத்திருக்கலாமே அம்மா?" என்று மகளைக் கேட்டோம். அவள் விடை கூறவில்லை. சற்று நேரம் கழித்துப் பள்ளிப் பையிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்து வந்து, "இவற்றைப் படித்துக் காட்டுங்கள் அப்பா" என்றாள். அவள் வீட்டில் தமிழ் பேசுவாள். கன்னடமும் ஆங்கிலமும் நன்றாகப் படிப்பாள். தமிழ் எழுத்து அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, கடிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள்.

முதற்கடிதத்தில் பேத்தியின் உயரத்தை நூலால் அளந்து அனுப்புமாறு கேட்டிருந்தார். இரண்டாவதில் நூல் வந்து சேரவில்லையே என்று கேட்டிருந்தார். மூன்றாவது கடிதம் இரண்டே வரி. "பதில் இல்லையே, ஆயா மீது கோபமா கண்ணு?" என்றிருந்தது.

நாம் மனைவியாரைப் பார்த்தோம். அவர் நம்மைப் பார்த்தார். "நீங்கள் படித்துக் காட்டியிருப்பீர்கள் என்றல்லவா இருந்தேன்" என்றார். நாம் கூற எண்ணியதும் அதுவேதான். பகலில் எந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்தோமோ, அச்சொல் இரவில் நம் வீட்டுக்கே வந்துவிட்டது. கடிதம் மட்டுமன்று, குழந்தைக்குத் தமிழ் எழுத்தறிவிக்கும் கடமையும் ஒன்பது ஆண்டுகளாக எங்கள் இருவருக்கும் நடுவே மண்ணில் கிடந்திருக்கிறது. இருவருக்கும் தமிழ் தெரியும். இருவருக்கும் ஆசையும் உண்டு. 'என்னுடையது' என்று ஒரு குரல் மட்டும் எழவில்லை.

கன்னடம் நமக்குச் சோறிடும் மொழி. குழந்தை அதில் தேறுவது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் இராமானுசர் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கினார் என்று போற்றப்படும் இவ்வூரில், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் வைணவக் குடும்பத்தார் இல்லத்தில் தமிழை இன்றும் பேசுகின்றனர். கோயிலில் பிரபந்தம் இன்றும் ஓதப்படுகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் காத்ததை, நாம் குடிவந்த ஒரே தலைமுறையில் நழுவவிட்டோமே என்று அன்றிரவு உறக்கம் வரவில்லை.

ரயில்வேயில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரு நிலையங்களுக்கு இடையே வண்டியை அனுப்ப, நீல் என்பாரின் பெயரால் வழங்கும் டோக்கன் கருவிகள் பயன்படும். இரு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி. அவற்றுள் இரும்புப் பந்துகள் இருக்கும். அடுத்த நிலையத்தார் தம் கருவியில் ஒப்புதல் கொடுத்தாலன்றி, இந்நிலையத்துக் கருவியிலிருந்து பந்து வெளிவராது. அப்பந்தை ஓட்டுநர் கையில் பெற்றாலன்றி வண்டி நகராது. 'அவர் பார்த்துக்கொள்வார்' என்னும் எண்ணத்துக்கு அங்கே இடமே வைக்கவில்லை. கேட்க வேண்டும்; விடை வர வேண்டும்; பந்து கைமாற வேண்டும். பணியில் நாள்தோறும் கண்ட இந்த ஒழுங்கை வீட்டுக்குக் கொண்டுவர நமக்குத் தோன்றாமற் போயிற்று.

மறுநாளே ஏற்பாடு செய்துகொண்டோம். இரவு உணவுக்குப்பின் அரைமணி நேரம். திங்கள், புதன், வெள்ளி நம்முடையவை. செவ்வாய், வியாழன், ஞாயிறு மனைவியாருடையவை. சனிக்கிழமை குழந்தைக்கு விடுமுறை. நமக்கு இரவுப் பணி விழுந்தால், புறப்படுமுன் "இன்று உன்னுடையது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டே செல்கிறோம். மனைவியாரும் "சரி, என்னுடையது" என்று விடை கூறுகிறார். அண்டை வீட்டார் கேட்டுச் சிரிக்கின்றனர், சிரிக்கட்டும்.

மகள் முதலில் எழுதக் கற்ற சொல் 'ஆயா'. இரண்டே எழுத்து. மூன்று வாரத்தில் நான்கு வரிக் கடிதம் எழுதினாள். பிழைகள் இருந்தன, அவற்றை நாம் திருத்தவில்லை. அவள் உயரத்துக்கு அளந்து வெட்டிய நூலையும் சுருட்டி உறையினுள் வைத்து, பாண்டவபுரத்துத் தபால் பெட்டியில் நம் கையாலேயே சேர்த்தோம். இம்மடலை எழுதும் இன்றுவரை விடை வரவில்லை. தபால்காரர் வரும் வேளையில் மகள் வாசலில் நிற்கிறாள்.

இறுதியாக நம் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். ஞாயிறு தமிழ் வகுப்பைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். சங்கம் நடத்தும் என்று பெற்றோரும், பெற்றோர் முன்வருவர் என்று சங்கமும் இருந்துவிட்டதாக நமக்குப் படுகிறது. திங்கள், புதனைப் போல ஞாயிறு காலையில் ஒரு மணி நேரத்தை நாம் எடுத்துக்கொள்ளத் தயார். இன்னும் ஒருவர் துணை நின்றால் போதும். தனியாக முப்பத்தாறு அடியையும் காக்க நம்மால் இயலாது. விருப்பமுள்ள அன்பரோ அம்மையாரோ காரியதரிசியிடம் 'என்னுடையது' என்று ஒரு சொல் சொல்லியனுப்ப வேண்டுகிறோம்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.